திரைக்கு முதுகு காட்டியவர்

அவர் பிழைத்தது சினிமாவில். ஆனால் அவர் சினிமா பார்த்து யாரும் பார்த்ததில்லை. தரை டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். திரைக்கு நேர் அடியில் இடம் பிடிப்பார். திரைக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஜனங்களின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் யாராவது யாரையாவது குத்திக் கொன்றுகொண்டிருப்பான். இவர் எந்த வாய் திறக்கிறது, எந்தக் கை முறுக்குப் பொட்டலத்துக்குள் பாதியில் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அவர் அறிமுகமானதே இந்தப் பழக்கத்தால்தான். எழுபதுகளின் நடுவில் நான் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் காலையில் புறநோயாளிகள் வரிசையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். துண்டை அவிழ்த்தால் புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது.

"எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"கூஜா."

"கூஜா மேல விழுந்தீங்களா?"

"கூஜாதான் எம்மேல விழுந்துச்சு சிஸ்டர்."

முதல் நாள் திருப்பதியில் ஒரு தியேட்டரில் பேய்ப் படம். இவர் வழக்கம்போலத் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். நாயுடுபேட்டையிலிருந்து குடும்பத்தோடு மொட்டை போட வந்த ஒருவர், இந்த ஆள் தன் சம்சாரத்தையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறான் என்று நினைத்து, கையிலிருந்த தண்ணீர்க் கூஜாவால் ஒரு போடு போட்டுவிட்டார். திருப்பதியில் ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்டதற்கு, அடித்த ஊரிலேயே கட்டுப் போட்டுக்கொள்ள மனசு வரவில்லை என்றார். அடித்தவர் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அவருடைய வருத்தமெல்லாம் வேறு.

"அந்தம்மா பயப்படவே இல்ல சிஸ்டர். பேய் வந்து நின்னுக்கினு இருக்குது, அது பாட்டுக்கு முறுக்கு துன்னுக்கினு இருக்குது. இன்னா காரணம்? பேய் மூஞ்சிய அவ்ளோ நேரம் காட்டிட்டாங்க. அவ்ளோ நேரம் காட்டினா, மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டுருக்குதுன்னு பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க பொம்பளைங்க. பாதியில வெட்டியிருக்கணும்."

டாக்டர் தையல் போட்டார். நான் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் ஊசியைப் பார்ப்பார்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும், "உங்க மூஞ்சியில ஒண்ணுமே எழுதலயே சிஸ்டர்" என்றார், புதையலைக் கண்டவர் மாதிரி.

என் முகத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே அதில் எதுவும் தெரியாது. சந்தோஷம், துக்கம், பசி எல்லாவற்றுக்கும் ஒரே முகம். உயரமும் அதிகம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வாங்கிக்கொண்டு, "பொண்ணுக்கு எங்க மேல ஏதாச்சும் கோவமா?" என்று என் அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்பார்கள். அப்புறம் தகவல் வராது. வார்டில் நோயாளிகள் என் முகத்தைப் பார்த்துத் தங்கள் உடம்பு தேறுமா தேறாதா என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போவார்கள். அதனால் யாராவது என் முகத்தைப் பற்றி ஆரம்பித்தால் நான் அங்கிருந்து போய்விடுவேன். அன்றும் போய்விட்டேன்.

எடிட்டர் என்றுதான் ஊரில் அவரைக் கூப்பிட்டார்கள். பேர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். மெட்ராசில் பல வருஷம் எடிட்டிங் அறையில் இருந்தவர். பிலிம் துண்டுகளை ஒட்டுகிற வேலையில் ஆரம்பித்து உதவி எடிட்டர் வரைக்கும் வந்தார். ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார். எனக்குச் சொன்னது இது: ஒரு சோகப் படத்தைத் தயாரிப்பாளர் வீட்டாருக்குப் போட்டுக் காட்டினார்களாம். முடிந்ததும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, இவர் மட்டும் தயாரிப்பாளரின் மாமியார் எந்தக் காட்சியில் தூங்க ஆரம்பித்தார், எந்தக் காட்சியில் குறட்டை விட்டார் என்று எல்லார் முன்னாலும் ஒப்பித்துவிட்டாராம்.

சாவு வீட்டிலும் அவர் அப்படித்தான். எங்கள் சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கத்துக் கயிறு நழுவி, பெட்டி சாய்ந்து, உடனே நேராகிவிட்டது. எல்லோரும் ஒரு நொடி மூச்சைப் பிடித்தார்கள். நேரானதும், துக்கத்துக்கு வந்திருந்த யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் பாஸ்டர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எடிட்டர் குழிக்கு எதிர்ப்பக்கம், மண்மேட்டின்மேல் ஏறி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இறந்தவரின் மகனிடம் போய், "அந்தப் பெட்டி இன்னும் கொஞ்சம் லேட்டா நேராயிருந்தா யாரும் சிரிச்சிருக்கமாட்டாங்க, ஓடியிருப்பாங்க" என்றாராம். அந்த மகன் அடிக்கவில்லை. நல்ல மனுஷன்.

தையல் பிரிக்க வந்த அன்று அவர் செய்ததுதான் என் வாழ்க்கையில் புகுந்த கலாட்டாவுக்கு ஆரம்பம். ஊசி போடும் அறைக்கு ஒரு பச்சைத் திரை உண்டு. வெளியே பெஞ்சில் பிள்ளைகள் அம்மாக்களோடு காத்திருப்பார்கள். நான் உள்ளே ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். இவர் திரையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க சிஸ்டர்" என்றார். சரக்கென்று திரையை விலக்கினார். பெஞ்சிலிருந்த பிள்ளைகள், ஊசியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார்கள். சரக்கென்று மூடினார். வெளியே ஓவென்று அலறல்.

"இப்போ பாருங்க." மறுபடியும் திறந்தார். அதே நான், அதே ஊசி. மூடினார். நான் ஒதுங்கிக்கொண்டதும் உடனே திறந்தார். உள்ளே மூலையில் அவிழ்ந்த வேட்டியை வாயில் கவ்விக்கொண்டு கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தெரிந்தார். அலறிய அதே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"ரெண்டு தபாவும் நீங்க ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னீங்க. முதல் தபா அடுத்து இன்னா வருமோன்னு அதுங்களே நெனைச்சுக்கிச்சு. ரெண்டாவது தபா கம்பவுண்டர் வந்தாரு. இதான் சிஸ்டர் எடிட்டிங்."

அடுத்த முறை திரையை விலக்கியபோது வெளியே டாக்டர் நின்றார். எடிட்டர் தையலைப் பிரிக்காமலே ஓடிப்போனார்.

பிறகு சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். சித்தூரில் ஒரு வெல்லமண்டி முதலாளி பேய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதாநாயகனும் அவரேதான். மனைவியைக் கொன்ற ஜமீன்தார், செத்தவள் பேயாக வந்து பழிவாங்குகிறாள், இதுதான் கதை. பேயாக நடிக்க வந்த நடிகை, மண்டி முதலாளியின் நடிப்பை முதல் நாள் பார்த்துவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

"உங்களை மாதிரி உயரம் கிடைக்காது. நீள முடி. வெள்ளைப் புடவை உங்ககிட்டயே இருக்குது."

"எங்க நைனா சபை மூப்பரு. தெரியுமில்ல?"

தெரியாமல் இருக்குமா? சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர் வந்தால் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பவர் என் நைனா. மிஷன் பள்ளியில் வாத்தியார். அவர் மகள் சினிமாவில் பேயாக வருகிறாள் என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் தலை நிமிர முடியாது.

"மூஞ்சி வராது சிஸ்டர். முதுகு, முடி, கால். அவ்ளோதான். ஒரு பிரேம்ல மூஞ்சி வந்தாலும் நான் வெட்டிப் போட்டுடறேன். வெட்டறது யாரு? நான்தானே?"

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதுவரை யாரும் என்னை எதற்கும் தேடி வந்ததில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டில் கூடுதல் டியூட்டி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

புத்தலப்பட்டு பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு. எல்லாம் பட்டப்பகலில். பிரதியை இருட்டாக அச்சடித்தால் ராத்திரி ஆகிவிடுமாம். கொளுத்தும் வெயிலில் நான் பேயாக நடந்தேன். "மெதுவா நடங்க சிஸ்டர், வார்டு ரவுண்டுக்குப் போற மாதிரி போறீங்களே" என்று எடிட்டர் மரத்துக்குப் பின்னாலிருந்து கத்துவார். எனக்கு வேறு நடை வராது.

ஒரு காட்சி. ஜமீன்தார் கயிற்றுக்கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். பேய் அவர் தலைமாட்டில் போய் நிற்கிறது. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து என் முந்தானையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. நான் எதையும் யோசிக்கவில்லை. திரும்பினேன். ஆட்டை ஒரு பார்வை பார்த்தேன். அதன் காதைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வந்து, தலைமாட்டில் மறுபடியும் பேயாக நின்றேன். முதலாளி கண்ணைத் திறக்கவே இல்லை. பயத்தில் நடுங்குவதாக நடித்தபடியே கிடந்தார். காமிராக்காரர் நிறுத்த மறந்துவிட்டார். என் முகம் அதில் முழுசாக விழுந்துவிட்டது.

படத்தை வெட்டி ஒட்டும் வேலை வெல்லமண்டியின் பின்பக்கத்துக் கிடங்கில் நடந்தது. எடிட்டருக்கு அங்கே ஒரு மேஜை, படத்தைச் சின்னக் கண்ணாடியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு பழைய மெஷின், சுவர் முழுக்க ஆணி, ஆணிகளில் தொங்கும் பிலிம் துண்டுகள். சுற்றிலும் வெல்ல மூட்டை. வெல்லத்துக்கு வந்த எறும்புகளுக்குப் பிலிம்மேல் பூசியிருக்கும் பசையும் பிடித்துப்போயிற்று. எடிட்டர் ஒரு கையால் வெட்டுவார், இன்னொரு கையால் எறும்பு தட்டுவார்.

முதல் முறை போட்டுப் பார்த்தது ஒரு காலை நேரம், ஊர்த் தியேட்டரில். பார்க்க வந்தவர்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். நான் பின்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். எடிட்டர் தன் இடத்தில், திரைக்கு முதுகைக் காட்டி. பேய் வந்தது, ஜனங்கள் சிரித்தார்கள். முதலாளி அலறினார், இன்னும் சிரித்தார்கள். மனைவியின் கழுத்தை நெரிக்கும் இடத்தில் ஒருவன் பெஞ்சிலிருந்து விழுந்துவிட்டான். ஒரே ஒரு தடவைதான் பயந்தார்கள். ரீலோடு சேர்ந்து மெஷினுக்குள் போயிருந்த ஒரு கட்டெறும்பு, விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் ஊர்ந்திருக்கிறது. திரையில் எருமை அளவுக்கு ஒரு எறும்பு முதலாளியின் முகத்தின்மேல் ஏறி நடந்தது. தியேட்டரே எழுந்து கதவைப் பார்த்து ஓடியது.

முதலாளி வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பேயை அவர் தெலுங்கில் தய்யம் என்றுதான் சொல்வார்.

"ஏமய்யா எடிட்டரு, இது தய்யம் படமா, ஹாஸ்யமா? பேய்க்குப் பயப்படாத ஜனம் எறும்புக்குப் பயப்படுது. எறும்பை வெச்சே நான் படம் எடுத்திருப்பேனே!"

"ஹாஸ்யமாவே வெட்டிடலாம் மொதலாளி."

"ஏமி? நான் என்ன கோமாளியா?" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "மண்டியில என்னைப் பார்த்தா அவனவன் நடுங்குவான். சினிமாவுல என்னைப் பார்த்து சிரிக்கறதா?"

எடிட்டர் வாதாடவில்லை. படத்தை மறுபடியும் போடச் சொல்லி, எறும்பு போய்விட்டது என்று ஆட்களைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிவந்து, முதலாளியைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தார். திரைக்கு முதுகைக் காட்டி. "படத்தைப் பார்க்காதீங்க. இவங்களைப் பாருங்க."

முதலாளி பார்த்தார். தன்னைக் கண்டால் மூட்டைக்குப் பின்னால் ஒளிகிற அத்தனை பேரும், தன்னையே நிமிர்ந்து பார்த்து, பல்லெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரே, வெட்டு" என்று மட்டும் சொன்னார்.

எடிட்டர் கிடங்கிலேயே குடியிருந்தார். ஒரு புதுக் காட்சிகூட எடுக்கவில்லை. இருந்ததையே வெட்டினார், இடம் மாற்றினார். முதலாளி அலறும் இடங்களில் வாய் திறந்ததும் வெட்டிவிட்டு, நிதானமாக நடந்து போகும் என் முதுகைக் காட்டினார். அலறல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். பேய் தன் பாட்டுக்கு வேலைக்குப் போகிற மாதிரி போகும். கழுத்தை நெரிக்கும் கையைக் காட்டிவிட்டு, உடனே மாம்பழம் பிழிகிற கையைக் காட்டினார். படம் தெலுங்கு. ஆனால் பாதிக்குமேல் அலறல் என்பதால் தமிழ்க்காரர்களுக்கும் புரிந்தது.

ஒருநாள் என்னைக் கிடங்குக்கு வரச்சொல்லி, சின்னக் கண்ணாடியில் ஆட்டுக் காட்சியை ஓட்டிக் காட்டினார்.

"இது மட்டும் வேணும் சிஸ்டர். படம் மொத்தமும் இதுல இருக்குது. ஒரு பேய், ஆட்டுக் காதைப் பிடிச்சு ஓரமா விட்டுட்டு வந்து மறுபடியும் பேய் வேலை பார்க்குது. அந்த மூஞ்சியில ஒண்ணுமே இல்ல பாருங்க. இதுக்குச் சிரிக்காதவன் மனுஷனே இல்ல."

"மூஞ்சி வராதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நைனாவுக்குத் தெரிஞ்சா..."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதை விட்டுக்கொடுப்பது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அப்புறம் கத்திரியை எடுத்தார். படத்தில் ஆட்டின் முகமும் காதைப் பிடிக்கும் கையும் மட்டும் நின்றன.

படம் சித்தூரில் வெளியாயிற்று. முதல் வாரமே பெண்கள் பெஞ்சு நிறைந்தது. சபையில் பேச்சு கிளம்பியது. செத்தவளைக் காட்டிச் சிரிக்கவைக்கிறார்களாமே, இதைக் கண்டிக்க வேண்டாமா என்று பாஸ்டர் மூப்பர்களைக் கேட்டார். பார்க்காமல் எப்படிக் கண்டிப்பது என்று நைனா எழுந்து சொன்னார். அப்படியானால் நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள் என்று பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

நைனா குடையோடு மாட்டினி போனார். சரியாகக் கண்டிக்க இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மறுபடியும் போனார். அப்புறம் மறுபடியும் மறுபடியும். பிறகு ஒருநாள் என்னிடம், "அந்த எடிட்டர் உங்க ஆஸ்பத்திரிக்கு வருவாராமே, அவரை வீட்டுக்கு வரச்சொல்லு" என்றார்.

எடிட்டர் வந்தார். சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டிருந்தார். நைனா நாற்காலியைக் காட்டினார்.

"உங்க படத்தை நான் கண்டிக்கறதுக்காகப் பார்த்தேன்."

"தெரியுங்க ஐயா. நாலஞ்சு தபா கண்டிச்சீங்க. நான் முன்னாடிதானே உக்காந்துக்கினு இருந்தேன்."

நைனா இருமினார். "அதுல அந்த மண்டிக்காரர் மூஞ்சி வருது. அது போவட்டும். ஒரு ஆட்டு மூஞ்சி வருது. எம்பொண்ணு மூஞ்சி எங்கய்யா?"

என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

"எப்படி நைனா தெரிஞ்சுது?"

"தத்தி நடந்த நாள்ல இருந்து பார்க்கறேன். முதுகைப் பார்த்தா தெரியாதா? அந்த அவசர நடை உங்கம்மா நடை."

"என் நடைக்கு இன்னா கொறைச்சல்?" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நைனா அதைக் காதில் வாங்கவில்லை. எடிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "மூஞ்சி நல்லா இல்லன்னு வெட்டிட்டீங்களா?"

அந்தக் கேள்வி என்னை எங்கோ குத்தியது. பெண் பார்க்க வந்து காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரையும் நைனா ஒரு வார்த்தை சொல்லாமல் வாசல்வரை கொண்டுபோய் விட்டவர். எடிட்டர் என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் தேடிப் பிடித்த பொய் இதுதான்: "இல்லீங்க ஐயா. அந்தத் துண்டை எறும்பு துன்னுட்டுது."

"நான்தான் வேணாம்னு சொன்னேன் நைனா" என்றேன்.

"ஏன்?"

"உங்களுக்குப் பயந்துகினு."

"எனக்கா?" நைனாவுக்கு அது புது விஷயம் மாதிரி இருந்தது. குடைப்பிடியைத் தடவிக்கொண்டே எடிட்டரிடம் கேட்டார்: "நிஜமாவே எறும்பு துன்னுட்டுதா?"

"பத்திரமா இருக்குது ஐயா. எறும்புக்கு எட்டாத எடத்துல."

அந்தத் துண்டைத் தியேட்டரில் ஓடிய பிரதியில் அவரே ஒட்டினார். மறுநாள் மாட்டினிக்கு நைனா, அம்மா, நான் மூவரும் போனோம். முதலாளியும் வந்திருந்தார். எடிட்டர் முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்து, சிரிப்பு வரப்போகிற முகங்களுக்காகக் காத்திருந்தார்.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். அந்தத் துண்டு வெட்டிப் பார்ப்பதற்காக அச்சடித்தது. அதில் ஒலி கிடையாது. இருட்டாக்கவும் இல்லை. படம் முதலாளியின் அலறலோடும் மேளத்தோடும் ஓடிக்கொண்டிருந்தது. ஆடு புடவையைக் கடித்தது. சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. இருட்டுத் தோப்பு போய், வெள்ளை வெளேரென்று திரை முழுக்க என் முகம். அது அசையவில்லை. எதையும் சொல்லவில்லை. ஜனங்களையே பார்த்தது.

தியேட்டர் மொத்தமும் அலறியது. அப்படி ஒரு அலறலை நான் பிரசவ வார்டில்கூடக் கேட்டதில்லை. ஒரு அம்மா பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முதலாளி நாற்காலியில் ஏறி நின்று, "தய்யம்! தய்யம் படம்தான்! நான் சொன்னேனே!" என்று கை தட்டினார். எடிட்டர் தரையிலிருந்து பாதி எழுந்து, ஒன்றும் புரியாமல் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்காதவன் மனுஷனே இல்லை என்று சொன்ன இடத்தில் ஒரு ஆள் சிரிக்கவில்லை.

அலறல் அடங்கி, எல்லோரும் மூச்சுவிடாமல் இருந்த அந்த நிசப்தத்தில் நைனா எழுந்து நின்றார். வகுப்பறைக் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி, "பயப்படாதீங்க! அது எம்பொண்ணு!" என்றார்.

தியேட்டர் அதிரச் சிரித்தது. திரையில் நான் ஆட்டின் காதைப் பிடித்து ஓரமாக விட்டுவிட்டு வந்து மறுபடியும் பேயாக நின்றேன். சத்தம் திரும்பி வந்தது கூட யாருக்கும் கேட்கவில்லை. நானும் சிரித்தேன் என்று அம்மா சொல்கிறாள். இருட்டில் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை எடிட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

"தூக்கிடட்டுமா சிஸ்டர்?"

நான் மருந்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. "இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இருந்தா ஒரு சிக்கல் இருக்குது. பயம் பிலிம்ல இருக்குது. சிரிப்பு பிலிம்ல இல்ல. அது உங்க நைனாகிட்ட இருக்குது."

இதை நான் வீட்டில் தமாஷாகத்தான் சொன்னேன். நைனா தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நேராகத் தியேட்டருக்குப் போனார். சரியான இடத்தில் எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். படம் சித்தூரில் ஓடியவரைக்கும் அப்படித்தான். பாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "மூப்பரே, நீங்க தெனமும் சினிமாவுக்குப் போறதா சொல்றாங்களே" என்று கேட்டபோது, நைனா தடுமாறவே இல்லை.

"சினிமா பார்க்கப் போகலிங்க ஐயா. சாட்சி சொல்லப் போறேன்."

அதற்குப் பிறகு வெல்லமண்டி முதலாளி வேறு படம் எடுக்கவில்லை. எடிட்டர் நெல்லூர் பக்கம் ஒரு நாடகக் கம்பெனியோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முன்னால், சித்தூர் பஸ் ஸ்டாண்டில். படம் திருப்பதியில் போடப்போகிறார்கள். பிலிம் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, எடிட்டரும் நைனாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நைனா பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தார். நான் ஜன்னல் வழியாக இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"எடிட்டரே, மறைக்காம சொல்லணும்" என்று நைனா கேட்டுக்கொண்டிருந்தார். "நான் சொல்றது சீக்கிரமா வருதா, லேட்டா வருதா?"

"ஒரு மூச்சு லேட்டுங்க ஐயா."

"கொறைச்சுடறேன்" என்றார் நைனா. பஸ் கிளம்பியது.